கல்லீரலும் ரப்பர்ப் பட்டையும்: கேள்வி பதில்

குலசேகரத்திலிருந்து ஒருவர்: ஐயா, கட்டி இருந்ததால் என் அண்ணனுக்குக் கல்லீரலின் வலப்பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஸ்டெம் செல் இருப்பதால் தானே வளரும் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். வெட்டிய பட்டை மறுபடி வளர்வது போலத்தானா?

பதில்: நல்ல உவமை, ஆனால் அது பொருந்தாமல் போகும் இடத்தில்தான் உங்களுக்கான விடை இருக்கிறது. பட்டைக்கும் தடிக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்படலம், பிரிந்து பிரிந்து புதுப்பட்டையை உண்டாக்குவதற்கென்றே இருக்கிறது. கத்தி அதைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டெம் செல், அதாவது குருத்தணு, அந்தப் படலத்துக்கு ஒப்பானது. கல்லீரலிலோ, அறுவைக்குப் பின் பெருகுபவை பெரும்பாலும் பித்தநீர் சுரந்து, சர்க்கரையைச் சேமித்து, அன்றாட வேலை பார்த்துவந்த முதிர்ந்த அணுக்களே, அதாவது செல்களே. எடுத்த பகுதி மீண்டும் முளைப்பதுமில்லை. மிஞ்சிய பகுதி பருத்து எடையை ஈடுகட்டுகிறது. ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931இல் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக் காட்டிய சோதனையே இன்றும் இத்துறைக்கு அடிப்படை. எலிக்கு அந்த எடை 7 முதல் 10 நாட்களில் திரும்பிவிடுகிறது.

தக்கலையிலிருந்து ஒருவர்: வளர வேண்டும் என்று மிஞ்சிய பகுதிக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும் இரத்தம் முழுவதும் இப்போது சிறிய உறுப்புக்குள் பாய்வதால் ஏற்படும் அழுத்தமே முதல் தூண்டுதல்களில் ஒன்று, அதைத் தொடர்ந்து வளர்ச்சிக் காரணிகள் அணுக்களைப் பிரியச் செய்கின்றன, உடலுக்குப் போதுமான எடை வந்ததும் பெருக்கம் அடங்கிவிடுகிறது.

குளச்சலிலிருந்து ஓர் அம்மா: என் மகன் தன் அப்பாவுக்குக் கல்லீரல் கொடுத்திருக்கிறான். அவனுக்கு எப்போது வளரும்? மீன் கொடுக்கலாமா?

பதில்: முதல் சில வாரங்களில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் வளர்ந்து, இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பகுதி வந்துவிடும், அம்மா. மீன் தாராளமாகக் கொடுங்கள். புது அணுக்களுக்குப் புரதம் வேண்டும். மது கூடாது, மருத்துவரைக் கேட்காமல் வாங்கும் மாத்திரையும் கூடாது.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: அப்பாவுக்குச் சிரோசிஸ், கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய். ஸ்டெம் செல் ஊசி போட்டால் கல்லீரல் புதிதாகும் என்று சொல்லிப் பல லட்சம் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நாட்பட்ட நோயில் முதிர்ந்த அணுக்கள் பிரிய முடியாமல் களைத்துப்போகும்போது, நுண்பித்த நாளங்களின் ஓரத்திலுள்ள முன்னோடி அணுக்கள் பெருகுவது உண்மைதான். குருத்தணு என்ற சொல் ஓரளவு பொருந்துவதும் இங்கேதான். ஆனால் தழும்பு இறுகிய கல்லீரலை அவற்றால் மீட்டுவிட முடிவதில்லை. கத்தி ஆழப் பட்ட பட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றம் போன்ற சிலவற்றைத் தவிர, ஏனைய குருத்தணுச் சிகிச்சைகளை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையில் மட்டுமே செய்யலாம். ஆகவே சோதனைக்கான அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமல் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிற இடத்திலிருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.