கோழி காணாமல் போன காலையில்

மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கோழிக்கூட்டைப் பற்றித்தான். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் தண்ணீர் ஏறும்போது எலியும் பாம்பும் மேடு தேடும். நம் கூடும் மேட்டில்தான் இருக்கிறது. இந்த முறை ஐந்து கேள்விகள்.

ஐயா, காலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு கோழி குறைகிறது. ரத்தம் இல்லை, இறகு இல்லை, பூட்டு போட்டது போட்டபடி. திருட்டா? (நிபோங் திபால்)

திருட்டாகத் தெரியவில்லை, அம்மா. தடயமே இல்லாமல் முழுக் கோழி மறைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மலைப்பாம்பைத்தான். சுற்றி நெரித்துக் கொன்று அப்படியே விழுங்கிவிடும். உதட்டோரக் குழிகளால் உடல் சூட்டை உணர்வதால் கும்மிருட்டும் அதற்குத் தடையில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு நுழைந்த சந்து வழியாக, விழுங்கிய பிறகு அதனால் வெளியேற முடியாமல் போகலாம். மூலையிலோ முட்டைப் பெட்டியிலோ சுருண்டு கிடக்கும். டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை உள்ளே விடாதீர்கள். இருந்தால் கதவைச் சாத்திவிட்டு 999-க்கு அழையுங்கள். போம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துக்கொள்வார்கள். மலைப்பாம்பு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. உரிமமில்லாமல் அடித்துக் கொல்வது குற்றம்.

இனி கூடு. அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் இருக்க மட்டும்தான் உதவும். நாய் கடித்துக் கிழித்துவிடும், குட்டிப் பாம்பு கண் வழியாகவே நுழைந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் அரை இஞ்ச் கண் உள்ள வெல்ட் செய்த கம்பிவலை கேளுங்கள். விலை கூடுதல்தான். முழுக் கூட்டுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் கோழி இரவில் அடையும் பகுதிக்கு மட்டுமாவது போடுங்கள். பிறகு கூரையோரம் பாருங்கள். மணிக்கட்டு நுழையும் சந்து போதும் மலைப்பாம்புக்கு. ஜிங்க் தகடு ஒன்று ஆணி கழன்று தூக்கி நின்றதை "நாளைக்கு அடிக்கலாம்" என்று நான் விட்ட இரவில்தான் என் அடைக்கோழி போனது. அதன் கீழே பொரிக்க மூன்று நாள் இருந்த முட்டைகளும் வீணாகின. இன்றும் மனம் கேட்கவில்லை.

டுரியான் தோட்டத்தை ஒட்டி வீடு. இரண்டு கோழிகள் தலையில்லாமல் கிடந்தன, உடம்பைத் தொடவில்லை. (பாலிக் புலாவ்)

மூசாங்காக இருக்கலாம், தம்பி; நம் ஊரில் மரநாய் என்போமே, அது. பழம் தின்னத் தோட்டத்துக்கு வரும் வழியில் கோழியும் கண்ணில் படுகிறது. பாண்டான் இலை மணம் வீசினால் அது வந்துபோனது உறுதி. தலை மட்டும் போயிருந்தால், வலையை ஒட்டித் தூங்கிய கோழியை வெளியிலிருந்தே இழுத்திருக்கும். அடையும் கழியை வலையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளுங்கள். கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டுங்கள். திறந்த மேற்புறத்தை மூடுங்கள். தாழ்ப்பாளை மட்டும் நம்பாமல் பூட்டும் போடுங்கள். மூசாங் இரவில் அலைவது, ஆகவே பொழுது சாய்வதற்குள் கதவு சாத்தியாக வேண்டும்.

லோங்காங்கிலிருந்து (கால்வாய்) பெரிய பியாவாக் (நீர் உடும்பு) பட்டப்பகலில் வந்து முட்டையைத் தின்கிறது. அப்பா பாராங்கை (வெட்டுக்கத்தி) எடுத்துவிட்டார். (பட்டர்வொர்த்)

அப்பாவின் ஆத்திரம் புரிகிறது, ஆனால் பாராங்கைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். இந்த நீர் உடும்பும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. தவிர, ஒன்றைக் கொன்றால் அதே கால்வாயில் இன்னொன்று வரும். மீன் குடலும் கறிக் கழிவும் கொட்டுகிற இடத்தைத் தேடித்தான் அவை வருகின்றன, அதை முதலில் நிறுத்துங்கள். முட்டையைக் காலையிலும் மதியமும் எடுத்துவிடுங்கள்.

பியாவாக் தோண்டும். வலையைத் தரையோடு நிறுத்தாமல் ஓரடி ஆழம் புதைத்து, அடியில் வெளிப்பக்கமாக ஓரடி மடக்கி விடுங்கள். தோண்டுகிற விலங்கு சுவரோரத்தில்தான் தொடங்கும், அங்கே கம்பி தட்டும். புதைக்க முடியாத சிமெண்டு ஓரத்தில் கனமான கல்லை வரிசையாக அடுக்கலாம். ஓடிப்போக வழியில்லாமல் மூலையில் நெருக்காதீர்கள். வாலால் பலமாக அடிக்கும், கடிக்கவும் செய்யும். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கந்தகம் தூவினால் பாம்பு வராது, வாத்து வளர்த்தால் வராது என்கிறார்கள். உண்மையா? (சுங்கை பாக்காப்)

கந்தகமும் உப்பும் பாம்பை நிறுத்தாது. மழை அடித்துக்கொண்டு போய்விடும், காசும் போகும். பெருவாத்து இரவில் சத்தம் போட்டு உங்களை எழுப்பும். அந்த அளவுக்கு நல்லது. ஆனால் பெரிய மலைப்பாம்பு வாத்தையும் விழுங்கும். அந்தப் பணத்தில் வலை வாங்குங்கள்.

குஞ்சுகளைக் கழுகு தூக்குகிறது. கருடன், விரட்டக்கூடாது என்கிறார் பாட்டி. (புக்கிட் மெர்தாஜாம்)

பாட்டி மனம் நோகாமலே செய்யலாம். பாட்டி சொல்லும் கருடன், அதாவது செம்பருந்து, எப்போதாவது தூக்கும். ஆனால் நான் பார்த்தவரை குஞ்சுகளுக்குப் பெரிய தொல்லை காக்காய்தான். கூட்டமாக வந்து, தாய்க்கோழியை ஒன்று அலைக்கழிக்க மற்றொன்று தூக்கிப் போகும். முதல் ஒரு மாதம் குஞ்சுகளை மேலே வலை கட்டிய சிறு அடைப்பில் தாயோடு விடுங்கள். செடிகொடியோ சாய்த்த பலகையோ இருந்தால் குஞ்சு ஓடி ஒளிய இடம் கிடைக்கும்.

எலிக்கு விஷம் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். விஷம் தின்று தள்ளாடும் எலியைக் கோழியே கொத்தித் தின்னும், பூனையும் ஆந்தையும் தின்னும். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், இரவில் தட்டில் மிச்சம் விடாதீர்கள். எலி குறைந்தால் அதைத் தேடி வரும் பாம்பும் குறையும். எலி மூத்திரம் பட்ட இடத்தைக் கழுவும்போது கையுறையும் பூட்ஸும் கட்டாயம். காலில் புண் இருந்தால் அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.