பாயான் லெப்பாஸ் வீடு: முன்பணம் கட்டுவதற்கு முன்

வணக்கம் சகோதரி. பினாங்கு விமான நிலையத்துக்கு அருகில் எட்டாவது மாடி வீடு, 2025-இல் அகமதாபாத்தில் விமானம் கட்டடத்தின் மேல் விழுந்த விபத்துக்குப் பிறகு அம்மா பயப்படுகிறார், முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

எவ்வளவு தூரம் என்பதைவிட எந்தத் திசை என்பதே முக்கியம். கூகுள் மேப்பில் ஓடுபாதையின் நடுக்கோட்டை இரண்டு முனையிலும் நேராக நீட்டிப் பாருங்கள். கட்டடம் அந்தக் கோட்டில் வந்தால், நானாக இருந்தால் வாங்க மாட்டேன். 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானில் விமானம் மோதியது ஓடுபாதை முனைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில்; 179 பேர் இறந்து போனார்கள். பக்கவாட்டில் என்றால் இரைச்சல்தான் பெரிய தொல்லை.

அப்புறம் உயரம். அனைத்துலக விதிப்படி, பெரிய ஓடுபாதையில் விமானம் இறங்கும் வழியில் 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவுக்கு மேல் எதுவும் நீட்டக்கூடாது. ஓடுபாதை முனையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் அது சுமார் 20 மீட்டர்தான், ஆறு மாடி உயரம். உங்களுடையது எட்டு! மேம்பாட்டாளரிடம் மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதியையும், உயரத்துக்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் (CAAM) தந்த ஒப்புதலையும் கேளுங்கள். விற்பனை முகவரின் வாய்வார்த்தை போதாது, கடிதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இழுத்தடித்தால் பணம் கட்டாதீர்கள்.