மாவுக்கட்டா, புத்தூர் கட்டா?

எட்டு வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம், மாவுக்கட்டே போதும் என்று டாக்டர் போட்டு அனுப்பிவிட்டார், மாமியாரோ அதைப் பிரித்துவிட்டு, எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியக் கட்டுப் போடும் ஆந்திரத்துப் புத்தூருக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டைப் பிரிக்காதீர்கள். எலும்பை ஒட்டவைப்பது உடம்புதான். முறிந்த இடத்தில் கசிந்த ரத்தம் உறைந்து, அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்கிறது. அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் கட்டின் வேலை. பச்சை வேப்பங்குச்சியை மடக்கினால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்குமே, பிள்ளைகளின் எலும்பு பல நேரம் அப்படித்தான் முறியும், 4 முதல் 6 வாரத்தில் சேர்ந்துவிடும். லேசான கோணல் இருந்தாலும் வளர வளர நேராகும். முறுக்கிக்கொண்டு சேர்ந்தால் மட்டும் தானாகச் சரியாகாது. வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து உள்ளே எலும்பு நகர்ந்துவிடலாம் என்பதால், ஒரு வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள்.

புத்தூரில் பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி வைத்துக் கட்டுவதும் இதே அசையாமல் பிடிக்கும் வேலைதான், பலருக்குச் சேர்ந்தும் இருக்கிறது. என் பயமெல்லாம் இறுக்கத்தைப் பற்றியது. இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்று, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி விரிக்கவே முடியாமல் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். மாவுக்கட்டிலும் இது நடக்கும். அதனால் முதல் 2 நாள் கையைத் தலையணைமேல் தூக்கி வையுங்கள். நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரலை மெதுவாக நிமிர்த்தும்போது அலறினாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல் மரத்துப்போனாலோ நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், விடியட்டும் என்று இருந்தால் தசை செத்துவிடும். அரிக்கிறது என்று ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறியவும் விடாதீர்கள்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், மூட்டுக்குள் முறிந்து விலகியிருந்தால், வயதானவருக்கு இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். உங்கள் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை.

அப்புறம், மூன்றாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தால் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். முறிவைச் சுற்றி மேகம் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும் புது எலும்பை அவருக்குக் காட்டும்படி டாக்டரிடம் கேளுங்கள்.