ஹால் ஆஃப் ஃபேம் வாசலில் காத்திருப்பவர்கள்: ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

ஐஸ் ஹாக்கியில் சாதித்தவர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமின் 2025 பட்டியலில் ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் மோகில்னியின் பெயர் வந்தாலும் வந்தது, "அப்படியென்றால் இவர் ஏன் இல்லை, அவர் ஏன் இல்லை" என்று கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே ஆளைப் பற்றி நாலு பேர் கேட்டதைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் டொராண்டோக்காரன், எங்கள் ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸின் ரசிகன். என் நடுநிலையை அதற்கேற்ப எடை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து கேட்கிறேன் சார். ஹாக்கி என்றால் எங்களுக்குத் தியான்சந்த்தான். இந்த ஹால் எங்கே இருக்கிறது, யார் ஆளை எடுக்கிறார்கள்?

டொராண்டோவில், யங் தெருவும் ஃப்ரண்ட் தெருவும் சந்திக்கும் மூலையில், 1885இல் கட்டிய ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கிறது. 1993இல் அங்கே வந்தது. தலைக்கு மேல் வண்ணக் கண்ணாடிக் கூரை, சுவர் முழுக்கக் கண்ணாடிப் பலகைகளில் பெயர்கள். அந்தப் பலகைக்குத்தான் இத்தனை சண்டை.

ஆளை எடுப்பது 18 பேர் கொண்ட குழு. முன்னாள் வீரர்கள், அணி நிர்வாகிகள், பத்திரிகையாளர்கள் அதில் இருப்பார்கள். முக்கால்வாசி ஓட்டு வேண்டும், அதாவது 18இல் 14. வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது வெளியே வராது. நம் சண்டைகளில் பாதி இந்த ரகசியத்தால் வருவதுதான். ஒருவர் 13 ஓட்டு வாங்கித் தோற்றாரா, அவர் பெயரை யாரும் எடுக்கவே இல்லையா என்பது நமக்குத் தெரியாது. "குழு அவரை நிராகரித்தது" என்று ஒருவர் எழுதினால், அது ஊகம்தான்.

கேள்வி: மோகில்னி இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தார்?

காரணம் அந்த 18 பேருக்குத்தான் தெரியும். கணக்கை மட்டும் பார்ப்போம். வட அமெரிக்க லீகான என்ஹெச்எல்லில் 990 ஆட்டம், 473 கோல், 1032 புள்ளி (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்தது புள்ளி). 1992-93இல் ஒரே சீசனில் 76 கோல்; டீமு செலான்னேயோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பை, ஒலிம்பிக் தங்கம், உலக சாம்பியன் பட்டம் மூன்றும் கையில். ஆடி முடித்தது 2006இல். விதிப்படி 2009இலிருந்தே தகுதி. கிடைத்தது 2025இல்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1989. ஸ்டாக்ஹோமில் உலக சாம்பியன் பட்டப் போட்டி முடிந்த கையோடு சோவியத் அணியை விட்டு நழுவி அமெரிக்கா போனார். வயது 20. ராணுவ அணியான சிஎஸ்கேஏவின் ஆள் என்பதால் ஊரில் அவருக்கு 'ராணுவத்தை விட்டு ஓடியவன்' என்ற பட்டம். பஃபலோ அணி அவரை டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) 89வது ஆளாக எடுத்திருந்தது, அவர் வந்ததும் 89இல், முதுகில் போட்டுக்கொண்ட எண்ணும் 89. பின்னால் வந்த ரஷ்யர்களுக்குக் கதவைத் திறந்தவர்களில் ஒருவர், அந்தக் கதவு வழியாக வந்த பாவெல் புரேவுக்கு (2012) 13 வருடம் பின்னால் ஹாலுக்குள் போனார். அவரோடு அதே வருடம் நுழைந்த ஜோ தார்ன்டன், ஸ்டேனோ சாரா, டங்கன் கீத் மூவரும் அவர் வந்தபோது பிள்ளைகள்.

கேள்வி: அண்ணா, கர்ட்டிஸ் ஜோசப் 454 வெற்றி. வேறென்ன வேண்டும்? (இந்தக் கேள்வி மட்டும் ஆறு பேரிடமிருந்து. ஆறு பேரும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்காரர்கள்.)

எனக்கும் அந்த வலி உண்டு. 1998இலிருந்து 2002 வரை அவர் லீஃப்ஸின் கோல் முன்னால் நின்ற காலத்தில் நான் இரவு ஷிஃப்ட் வேலை. ஆட்டத்தின் கடைசிப் பகுதியை வேலையிடத்து ரேடியோவில் கேட்டுவிட்டு, விடிந்து வீட்டுக்கு வந்ததும் டிவியில் அவர் தடுத்ததையெல்லாம் திரும்பப் போடுவார்கள், தூங்காமல் பார்ப்பேன். மனசு 'ஆமாம்' என்கிறது.

ஆனால் என் அளவுகோல் ஒன்றுதான், கீழே வரும் எல்லாக் கேள்விக்கும் அதையே வைக்கிறேன்: அதே வருடங்களில், அதே ஐஸில் நின்றவர்களோடு ஒப்பிடு. ஜோசப்பின் வருடங்களில் எதிர் முனையில் நின்றவர்கள் ஹாஷெக், ருவா, ப்ரோடர். சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா பரிசு ஜோசப்புக்கு ஒரு தடவையும் இல்லை, கோப்பையும் இல்லை. 454 பெரிய எண்தான். நீண்ட நாள் நன்றாக ஆடியதற்கு அது சாட்சி. அந்தக் காலத்தின் சிறந்தவர்களில் ஒருவர் என்பதற்கு அது போதவில்லை. மன்னியுங்கள் தம்பிகளா.

கேள்வி: மைக் வெர்னனை 2023இல் சேர்த்தார்கள். ஓஸ்குட் அவரைவிட அதிக வெற்றி, அதிக கோப்பை. இது அநியாயம் இல்லையா?

நல்ல கேள்வி. வெர்னன் 385 வெற்றி, கோப்பை இரண்டு. கிறிஸ் ஓஸ்குட் 401 வெற்றி, கோப்பை மூன்று. 1997இல் டெட்ராய்ட் வென்றபோது வெர்னன்தான் கோலில் நின்றார், கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃப்ஸின் சிறந்த ஆட்டக்காரர் பரிசையும் வாங்கினார், ஓஸ்குட் பெஞ்சில். அடுத்த வருடம் வெர்னன் அணியில் இல்லை, ஓஸ்குட் நின்றார், மறுபடி கோப்பை. பத்து வருடம் கழித்து, 2008இல், முதல் சுற்றின் நடுவில் ஹாஷெக்கை உட்கார வைத்துவிட்டு ஓஸ்குட்டை இறக்கினார்கள், அதுவும் கோப்பையில் போய் முடிந்தது.

வெர்னன் உள்ளே என்றால் ஓஸ்குட் வெளியே நிற்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இருந்தும் நான் ஓட்டுப் போடமாட்டேன். உள்ளே இருப்பவர்களிலேயே இலேசானவரைத் தேடிப் பிடித்து "இவரைவிட என் ஆள் மேல்" என்று வாதாடினால் அதற்கு முடிவே கிடையாது. கிளார்க் கில்லீஸ் 697 புள்ளியோடு 2002இல் உள்ளே போனார். அவரை அளவுகோலாக வைத்தால் நூறு பேரைச் சேர்க்க வேண்டும், கட்டடத்தை இடித்துத்தான் கட்ட வேண்டும். ஒரு தடவை இளகியதற்காக இன்னொரு தடவை இளக வேண்டியதில்லை.

கேள்வி: 500 கோல் அடித்தவர்கள் எல்லோரும் உள்ளே போக வேண்டாமா?

வேண்டாம். கீத் கச்சக் (538), பாட் வெர்பீக் (522), பீட்டர் போன்ட்ரா (503), பாட்ரிக் மார்லோ (566) நால்வரும் 2025 வரை வெளியேதான்.

500 எப்போதும் ஒரே 500 இல்லை. 1988-89இல் ஓர் ஆட்டத்தில் இரு அணியும் சேர்த்து சராசரியாக ஏழரை கோல் விழுந்தது. 1997-98இல் ஐந்தேகால்தான். பெர்னி நிக்கல்ஸ் 1988-89இல் 70 கோல் அடித்தார், பெரிய விஷயம்தான். ஆனால் லீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்த கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் வந்து அவரோடு ஆடிய முதல் வருடம் அது. அதற்கு முன்னும் பின்னும் நிக்கல்ஸ் ஐம்பதைத் தொட்டதே இல்லை. போன்ட்ரா 1997-98இல், கோல் வறண்டு கிடந்த வருடத்தில், 52 அடித்து செலான்னேயோடு முதலிடம். 1994-95இலும் அவரே முதலிடம். என்னைக் கேட்டால் அந்த 52 இந்த 70க்குச் சளைத்ததில்லை.

கச்சக் 1996-97இல் 52 கோலோடு முதலிடம் பிடித்தார்; அமெரிக்காவில் பிறந்தவர்களில் லீகின் கோல் பட்டியலை வென்ற முதல் ஆள் அவர்தான். கோப்பை இறுதி ஆட்டம் வரை ஒரு தடவையும் போகவில்லை என்று அவர் மீது குறை சொல்வார்கள். போன்ட்ரா ஆமாம், கச்சக் அரைமனதாக ஆமாம், வெர்பீக் இல்லை. மார்லோ 1779 ஆட்டம் ஆடியவர், லீக் வரலாற்றில் அதிகம். அவரைக் குழு எப்படியும் ஒருநாள் சேர்த்துவிடும், நாம் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: நீங்கள் குழுவில் இருந்தால் முதல் ஓட்டு யாருக்கு?

போரிஸ் மிகாய்லோவ். யோசிக்கவே மாட்டேன்.

பலருக்கு அந்தப் பெயர் தெரியாது, அதுதான் பிரச்சினையே. இந்த ஹால் என்ஹெச்எல்லுக்கு மட்டும் உரியது இல்லை. பெயரே ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்தான். சோவியத் கோல்கீப்பர் டிரெட்யாக் என்ஹெச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1989இல் சேர்ந்தார். கார்லமோவ் 2005இல். அந்தக் கார்லமோவின் வரிசையில் வலப்பக்கம் ஆடியவரும், சோவியத் அணியின் கேப்டனும் மிகாய்லோவ்தான். 1972, 1976 ஒலிம்பிக் தங்கம், உலகப் பட்டங்கள் எட்டு, சோவியத் லீகில் 400க்கு மேல் கோல்.

அழகான ஆட்டம் இல்லை அவருடையது. கார்லமோவ் பக்கைக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) கொண்டு நடனமாடுவார். மிகாய்லோவ் நேரே போய் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் நின்றுவிடுவார். இடிப்பார்கள், முதுகில் மட்டையால் போடுவார்கள், நகரமாட்டார். திரும்பி வரும் பக்கைத் தட்டிவிடுவார். 1979இல் நியூயார்க்கில் என்ஹெச்எல்லின் நட்சத்திர அணியை மூன்றாவது ஆட்டத்தில் 6-0 என்று வென்றது இவருடைய அணிதான். "அதே ஐஸில் நின்றவர்களோடு ஒப்பிடு" என்றேனே, இவர் அந்த நட்சத்திரங்களோடு அதே ஐஸில் நின்று ஜெயித்தவர்.

கேள்வி: பால் ஹென்டர்சன் கனடாவின் மிகப் பெரிய கோலை அடித்தவர். அவர் இல்லாத ஹால் என்ன ஹால்? என் அப்பாவின் பழைய முதலாளி இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கனடா வரலாறு கற்றுக்கொடுத்தார்.

அந்த முதலாளியின் வயதுக்காரர்கள் யாரிடமும் இதில் வாதாடாதீர்கள், நட்பு போய்விடும்.

தெரியாதவர்களுக்காக: 1972 செப்டம்பர் 28, மாஸ்கோ. கனடாவும் சோவியத் யூனியனும் எட்டு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டத்தில் 5-5. பெஞ்சிலிருந்த ஹென்டர்சன் ஐஸில் இருந்த பீட்டர் மஹோவ்லிச்சைக் கத்திக் கூப்பிட்டு வெளியே வர வைத்துவிட்டுத் தான் இறங்கினார். கோலுக்குப் பின்னால் விழுந்து தடுப்புப் பலகையில் மோதினார், எழுந்து முன்னால் வந்தார். கனடாவின் எஸ்போசிட்டோ அடித்தது டிரெட்யாக்கிடம் பட்டுத் திரும்பியது, ஹென்டர்சன் அடித்தார், டிரெட்யாக் தடுத்தார், மறுபடி அடித்தார். ஆட்டம் முடிய 34 விநாடி இருந்தது. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களின் வெற்றி கோலும் அவருடையதே.

என் பதில்: இல்லை. என்ஹெச்எல்லில் 707 ஆட்டம், 236 கோல், நல்ல வீரர். ஹால் ஆளைச் சேர்ப்பது மொத்த ஆட்ட வாழ்க்கைக்காக. கோலுக்கென்று ஒரு ஹால் கட்டினால் முதல் பலகை அந்தக் கோலுக்கு. ஹென்டர்சனே இந்தப் பேச்சை அடக்கமாகத்தான் எடுத்துக்கொள்கிறார், ரசிகர்கள்தான் விடுவதில்லை. சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் ஹாலில் அவரை 2013இல் சேர்த்துவிட்டது.

கேள்வி: விதியில் 'குணநலன்' என்று இருக்கிறதாமே. அதை வைத்துத்தான் தியோ ஃபிளூரியை ஒதுக்குகிறார்களா?

ஆட்டத் திறமை, விளையாட்டுப் பண்பு, குணம், அணிக்கும் ஆட்டத்துக்கும் செய்த பங்களிப்பு என்று விதியில் இருக்கிறது. ஃபிளூரி விஷயத்தில் குழு என்ன பேசியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் குணத்தை அளக்கும் தராசு ஒரே மாதிரி இருந்ததில்லை. அதே 1972 தொடரில் கார்லமோவின் கணுக்காலை மட்டையால் வெட்டிய கனடா வீரர் பாபி கிளார்க் 1987இல் உள்ளே போனார். அந்தத் தொடரை ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமான ஆலன் ஈகிள்சன் 1989இல் போனார். 1998இல் மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, "அவர் இருந்தால் நாங்கள் இல்லை" என்று பாபி ஓர் முதலிய பெரிய தலைகள் நின்றதால் விலகினார்.

ஃபிளூரி 5 அடி 6 அங்குலம். 1987 டிராஃப்டில் 166வது ஆள். 1084 ஆட்டத்தில் 1088 புள்ளி, கோப்பை, ஒலிம்பிக் தங்கம். குடியும் போதையும் அவர் ஆட்டத்தைப் பறித்தன. பதின்ம வயதில் பயிற்சியாளர் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதை 2009இல் வெளிப்படையாக எழுதினார். அதற்குப் பிறகும் 'குணம்' என்று இழுப்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. 1991 பிளேஆஃப்ஸில் எட்மன்டனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கோல் போட்டுவிட்டு, கைகளை வீசிக்கொண்டு ஐஸின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முழங்காலில் சறுக்கிப் போனாரே, அந்த வீடியோவைப் பாருங்கள். என் ஓட்டு உண்டு.

கேள்வி: பாட்ரிக் எலியாஷ், ராட் பிரிண்டமோர், செட்டர்பெர்க். ஒருவர்தான் என்றால்?

எலியாஷ். கோல் அடிக்க விடாமல் எதிரியைக் கட்டிப்போடுவதையே கொள்கையாக வைத்திருந்த நியூஜெர்சி அணியில் இருந்துகொண்டு 1025 புள்ளி. 2000-01இல் 96 புள்ளி, யாகர், ஜோ சாக்கிக் இருவருக்கும் பின்னால் லீகில் மூன்றாவது. 2000 இறுதிப் போட்டியில், இரண்டாவது கூடுதல் நேரத்தில், மூலையில் நின்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கையால் ஒரு பாஸ். சக வீரர் ஆர்னட் வாங்கி அடித்தார், கோப்பை. பிரிண்டமோர் அடுத்த வருடம். செட்டர்பெர்க் தானாகவே போய்விடுவார்.

கேள்வி: பெண்கள் பக்கம் யாரும் கேட்பதே இல்லையே அண்ணா?

நீங்கள் கேட்டீர்களே தங்கச்சி. 2010இல் ஆஞ்சலா ஜேம்ஸ், கேமி கிரனாட்டோ இருவரையும் சேர்த்துத் தொடங்கினார்கள். வருடத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஆனால் 2011இலிருந்து 2023 வரை எந்த வருடமும் இரண்டையும் நிரப்பவில்லை. சில வருடம் ஒருவர், சில வருடம் யாருமே இல்லை. தகுதியானவர்கள் இல்லாமல் இல்லை. ஜெனிஃபர் பாட்டரில் மூன்று ஒலிம்பிக் தங்கத்தோடு 2025 வரை நின்றார். 2024, 2025இல்தான் இரண்டிரண்டு பேர். ஆண்கள் பக்கம் நாலு இடத்துக்கு அடிதடி, இங்கே இடம் சும்மா கிடந்தது. குழு மீது எனக்குள்ள உண்மையான கோபம் இதுதான், ஜோசப் விஷயம் இல்லை.

கேள்வி: யாகரை ஏன் இன்னும் சேர்க்கவில்லை? 1921 புள்ளி அடித்தவர்!

அவர் ஆட்டத்தை விட்டால்தானே. கடைசியாக ஆடி மூன்று சீசன் கழிய வேண்டும். கிரெட்ஸ்கிக்கு 1999இல் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்தார்கள், அதோடு அந்தச் சலுகையும் முடிந்தது. யாகரோ என்ஹெச்எல்லை விட்ட பிறகு ஊருக்குப் போய், தன் சொந்த கிளப்பான கிளாட்னோவுக்கு 2024-25 சீசனிலும் ஆடினார், 53 வயதில். அவரோடு ஆடத் தொடங்கியவர்களின் பலகைகள் எல்லாம் சுவரில் ஏறிவிட்டன, இவர் மட்டும் அப்போதும் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.