ஏழு வாரமாகியும் மூட்டு மடங்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 63, சர்க்கரை நோய் உண்டு. வலது காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. 75 டிகிரிக்கு மேல் மடங்க மாட்டேன் என்கிறது. பிசியோதெரபிஸ்ட் பிடித்து மடக்கும்போது உயிரே போனது, அதனால் இரண்டு வாரமாக அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. எண்ணெய் போட்டு நீவி, மடக்கிவிடும் அம்மா ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், கூப்பிடலாமா? பழையபடி தரையில் சம்மணமிட்டு உட்கார முடியுமா? - வாசகி, கும்பகோணம்.

பதில்: முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள் அம்மா. இன்று ராத்திரியே. முட்டி லேசாக மடங்கியிருந்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் அப்படியே கிடந்தால் பின்பக்கத்துச் சதையும் சவ்வும் அந்த அளவுக்கே சுருங்கிக்கொள்ளும், அப்புறம் கால் முழுசாக நீளாது. நீங்கள் மடங்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், நீட்டினால் கால் கட்டிலில் பட்டையாகப் படிகிறதா என்று எழுதவே இல்லை. என்னிடம் வருகிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான், மடக்குவதைப் பற்றியே கேட்பார்கள். சமதரையில் நடக்க 65, 70 டிகிரி மடங்கினாலே போதும், ஆனால் நீட்டுவதில் 10, 15 டிகிரி குறைந்தால்கூட நடை நொண்டும், தொடைச் சதை சீக்கிரம் களைத்துப் போகும்.

இப்படிச் செய்து பாருங்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் எதுவும் வேண்டாம். தன் எடையிலேயே முட்டி கீழே இறங்கட்டும். நடுநடுவே தொடையை இறுக்கி முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்துங்கள். பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

மடக்குவதற்கு நாற்காலி போதும். சுவரோடு ஒட்டிப் போட்ட, நகராத நாற்காலியாக இருக்கட்டும். டைல்ஸ் தரை என்றால் பாதத்துக்கு அடியில் ஒரு துணியைப் போட்டு, உட்கார்ந்தபடியே பாதத்தை மெல்லப் பின்னால் இழுங்கள். இதற்கு மேல் போகாது என்கிற இடத்தில் பாதத்தை அழுத்தி ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். யாரும் பிடித்து அழுத்தாமலே முட்டி இன்னும் கொஞ்சம் மடங்குவது உங்களுக்கே தெரியும். பத்து எண்ணும்வரை இருந்துவிட்டுத் திரும்புங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் போட்டு வருத்துவதைவிட ஐந்தைந்து நிமிஷமாகப் பல தடவை செய்வதுதான் பலன் தரும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் வருவது போல நேரம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிட்னி பாதிக்கப்படலாம். முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ், பதினைந்து நிமிஷம்.

வலி எவ்வளவு வரை தாங்கலாம்? இழுத்துப் பிடிக்கிற வலி வரத்தான் செய்யும், அதற்குப் பயந்தால் வேலை நடக்காது. செய்து முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது தணிந்தால் சரி. மறுநாள் காலையில் முட்டி முந்தின நாளைவிடப் பெரிதாக, சூடாக இருந்தால் அளவு மீறிவிட்டது, குறைத்துக்கொள்ளுங்கள். கதறக் கதற மடக்கினால் உள்ளே மறுபடி வீங்கி, வீக்கத்தாலேயே மடங்காமல் போகும். அந்த விதத்தில் உங்கள் பிசியோ மேல் எனக்கும் வருத்தம்தான், ஆனால் பயிற்சியையே நிறுத்தியது தப்பு. பொறுமையாகச் சொல்லித் தருகிற வேறொருவரைப் பாருங்கள். எண்ணெய் போடும் அம்மா வேண்டவே வேண்டாம். எலும்புக்கும் தசைநாருக்கும் ஆபத்து, தழும்பு முழுசாக ஆறாவிட்டால் கிருமி உள்ளே போகவும் வழி.

அடுத்தது அவசரமானது. இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். ஏழாவது வாரத்தில் 90 டிகிரியாவது வந்திருக்க வேண்டும். உள்ளே தழும்புத் திசு ஒட்டிக்கொண்டு மூட்டை இறுக்குகிறதா, கிருமித் தொற்று ஏதாவது இருக்கிறதா, பொருத்தியது சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் வைத்து அவர் பார்ப்பார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் கொஞ்சம் அதிகமாகவே வரும், சர்க்கரை அளவையும் காட்டுங்கள். ஒட்டுதல்தான் என்றால் மயக்க மருந்து கொடுத்து, வெட்டாமல், கையாலேயே மெல்ல மடக்கி அதை விடுவிப்பார்கள். சில நிமிஷ வேலை. எலும்பு முறிவு போன்ற சிக்கல் அபூர்வமாக வரலாம், அதனால்தான் அது டாக்டர் கையில் நடக்க வேண்டியது. பொதுவாக ஆபரேஷன் ஆன மூன்று மாதத்துக்குள் செய்தால் நல்ல பலன், அதற்கப்புறம் திசு முற்றிவிடும், மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கலாம். பொங்கல் கழியட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். மடக்கிவிட்ட அன்றே பயிற்சியைத் தொடங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்தப் பணத்தைப் பிசியோவுக்குக் கொடுங்கள்.

தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருப்பது, நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்பது, சாயங்காலம் வீங்குவது, இதற்கெல்லாம் கவலை வேண்டாம். காய்ச்சல், தழும்பில் நீர் அல்லது சீழ், முட்டி சிவந்து கொதிப்பது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

சம்மணம்? ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் முட்டி எவ்வளவு மடங்கியதோ, பெரும்பாலும் அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும். நன்றாகத் தேறினால் 110, 120 டிகிரி வரும். நாற்காலியிலிருந்து எழ, படி ஏறி இறங்க, பஸ்ஸில் உட்கார இது தாராளம். குத்துக்காலிட இதைவிட நிறைய மடங்க வேண்டும், ஆகவே கழிவறை வெஸ்டர்ன்தான். சம்மணமிடச் சிலருக்கு முடிகிறது, ஆனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேய்மானத்தை நினைத்துப் பல டாக்டர்கள் வேண்டாம் என்றே சொல்வார்கள், நானும்தான். கோயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.