மருந்தாளர் பதில்கள்: ஏழு நாள் குளிசை மூன்று நாளானது எப்படி?

கேள்வி: சின்ன வயதில் எனக்கு நெஞ்சுச் சளி கட்டினால், எரித்ரோமைசின் குளிசையை நாளுக்கு நாலு தரம், ஒரு கிழமை விழுங்க வேண்டும். வயிற்றைப் பிசைந்து எடுத்துவிடும். இப்போது கம்பஸ் போகும் என் மகளுக்கு அசித்ரோமைசின் நாளுக்கு ஒன்றாக மூன்று நாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். இது வேறு மருந்தா? ஒன்று மிஞ்சிக் கிடக்கிறது, அடுத்த முறைக்கு வைக்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வேறு மருந்துதான், ஆனால் பழையதன் வயிற்றில் பிறந்த பிள்ளை; இரண்டும் பக்டீரியாக் கிருமியை அடக்கும் அன்டிபயோட்டிக். காலி வீதிப் பாமசி ஒன்றில் முப்பது வருடம் நின்றவன் நான். எரித்ரோமைசின் வாங்கியவர்கள் மறுநாளே வந்து, "ஐயா, வயிறு முறுக்குது, வேற தாங்கோ" என்பார்கள்.

1952 இல் விற்பனைக்கு வந்த எரித்ரோமைசின், 14 அணுக்கள் கொண்ட ஒரு பெரிய வளையம். அதில் ஓரிடத்தில் கீட்டோன், அதாவது ஒரு காபனில் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பாய் நிற்கும் இடம். இரைப்பை அமிலம் பட்டதும் பக்கத்து ஹைட்ரொக்சில் (ஒட்சிசன், ஐதரசன் சோடி) அதில் போய் ஒட்ட, மூலக்கூறு தனக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் அது கிருமியை ஒன்றும் செய்யாது. உங்கள் வயிறு முறுக்கியதிலும் அந்தச் சிதைந்த சாமானுக்குப் பங்குண்டு.

ஜப்பானில் அந்த ஹைட்ரொக்சிலுக்கு ஒரு மெத்தைல் தொப்பி (ஒரு காபன், மூன்று ஐதரசன்) போட்டார்கள், அதுதான் கிளரித்ரோமைசின். இன்றைய குரோஷியாவின் சாக்ரெப் நகரில் இருந்த பிளிவா மருந்து நிறுவனத்தார் 1980 இல் கீட்டோனையே கழற்றிவிட்டு, வளையத்துக்குள் ஒரு நைதரசன் அணுவைச் செருகினார்கள். 14 இப்போது 15. இதுதான் உங்கள் மகளின் அசித்ரோமைசின். எனக்கு இந்த வேலைதான் அதிகம் பிடிக்கும், ஒரே ஒரு அணு! அமிலத்தைத் தாங்குகிறது, நம் உடம்பின் உயிரணுக்களுக்குள் போய்த் தங்குகிறது. எரித்ரோமைசின் இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் பாதியாகிவிடும். இது பாதியாக 68 மணி நேரம் அளவில் எடுக்கும். அதனால்தான் மூன்றே நாள்.

"புதுசு, பவர் கூட" என்று கேட்டு வருபவர்களோடு வாதாடியே என் தொண்டை கட்டியிருக்கிறது. இரண்டும் கிருமியின் ரைபோசோமில், அதாவது அது புரதம் செய்யும் பட்டறையில், ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன. எரித்ரோமைசினுக்கு அடங்காத கிருமி பெரும்பாலும் இதற்கும் அடங்காது.

சரி, மூன்று நாளுக்குத் தந்த மூன்று குளிசையில் ஒன்று எப்படி மிஞ்சும், தங்கச்சி? மகள் ஒரு நாள் விட்டிருக்கிறாள். அதை அலுமாரியில் வைக்காமல், துண்டு எழுதிய டொக்டரை இன்றைக்கே கேளுங்கள்.