அடைப்புக்குறிக்குள் போட்ட சர்க்கரை

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஜிம்மில் சேர்த்துவிட்டோம். அங்கே மாஸ்டர் பார்த்ததுமே, "இது எண்டோமார்ஃப் உடம்பு, தண்ணி குடிச்சாலும் சதை போடும்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ராத்திரி அவளுக்கு ஓட்ஸ் கஞ்சி மட்டும்தான் தருகிறேன். 19 வயது மகன் நேர் எதிர், எக்டோமார்ஃபாம். நெய்யும் முட்டையுமாகக் கொட்டினாலும் உடம்பில் ஒட்டாது, அப்படியே அவன் அப்பா (அவருக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை). மாமியாரோ, இவளுக்குக் கப உடம்பு, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். இந்த உடல்வாகை மாற்ற வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: ஓட்ஸ் கஞ்சிக்கு மாற்றாக நான் ஏதாவது பட்டியல் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். தரப்போவதில்லை. கணவரின் நோயை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் கவலைப்பட வேண்டிய இடம் அது ஒன்றுதான். அதற்கு முன்னால் நீங்களே எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள். மகன் அப்படியே அப்பா. அப்பாவுக்குச் சர்க்கரை. அந்த மகன் தட்டில்தான் கணக்கில்லாமல் கொட்டுகிறீர்கள். மகள் தட்டில் கஞ்சி.

ஒல்லியாக இருந்தால் ஒன்றும் வராது என்று உங்களுக்கு யார் சொன்னது? புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடம்பில் இருக்கும் கொழுப்பை அளந்தால் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் மட்டும் சட்டை பட்டனை இழுக்கும் தொப்பை என்று நம் தெருவில் எத்தனை ஆண்கள் நடக்கிறார்கள்! அந்தத் தொப்பைக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் கெடுக்கிறது. மேல்நாட்டில் பிஎம்ஐ 25-ல் தொடங்கும் 'அதிக எடை' இந்தியர்களுக்கு 23-லேயே தொடங்குவது இதனால்தான்.

அந்த மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஒல்லிக்கு எக்டோ, தசைக்கட்டுக்கு மீசோ, சதைப்பிடிப்புக்கு எண்டோ என்ற பெயர்களை 1940-ல் பரப்பியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர்கூட ஆளைப் பார்த்ததும் ஒரே பெயரைச் சூட்டி அனுப்பவில்லை. ஒவ்வொரு உடம்பிலும் மூன்றும் கலந்திருக்கும் என்று மூன்றுக்கும் 1 முதல் 7 வரை தனித்தனியே எண் போட்டார். (உங்கள் மாமியார் சொல்லும் வாத, பித்த, கப உடலிலும் இரண்டு கலந்த தொந்த உடல் உண்டு. சித்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும். திண்ணையிலிருந்து சொல்ல வேண்டாம்.) ஷெல்டன் சறுக்கியது வேறு இடத்தில். உடல்வாகை வைத்தே குணத்தையும் சொல்லிவிடலாம், அது ஆயுளுக்கும் மாறாது என்றார். இரண்டையும் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. 1967-ல் ஹீத், கார்ட்டர் என்ற இருவர் தோல்மடிப்பு, எலும்பின் அகலம், தசைச் சுற்றளவு எல்லாவற்றையும் அளந்து எண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். வயதும் சாப்பாடும் பயிற்சியும் மாறினால் அந்த எண்ணும் மாறும். விளையாட்டு வீரர்களுக்கு இன்றும் அப்படித்தான் அளக்கிறார்கள். உங்கள் மாஸ்டர் எதை அளந்தார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷெல்டன் கல்லூரிப் பிள்ளைகளை ஆடையில்லாமல் நிற்கவைத்துப் படமெடுத்துத்தான் ஆராய்ந்தார். 1950-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி வீட்டுக்குப் போய் இதைச் சொன்னாள். விஷயம் வெடித்தது, எடுத்த பெண்களின் படங்கள் கொளுத்தப்பட்டன. அவளைப் பெற்றவர்கள், "சரி, நீ எந்த வகைன்னு சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நீங்கள் மாஸ்டரின் சொல்லைக் கேட்டுவந்து, பெற்ற பெண்ணின் இலையைச் சுருக்கியிருக்கிறீர்கள்.

எனக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. ஒரே வீட்டில் ஆண் பிள்ளைக்கு ஒரு சாப்பாடு, பெண் பிள்ளைக்கு ஒரு சாப்பாடு என்பதை எந்தக் காரணம் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பாட்டிமார் காலத்தில் அதற்கு வழக்கம் என்று பெயர், இப்போது எண்டோமார்ஃப். அவளுக்கு மாதவிலக்கு சரியாக வருகிறதா, தைராய்டு பார்த்தீர்களா, சமீபத்தில் திடீரென எடை கூடியதா என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. பெண் பார்க்க வரும் மாதம் மட்டும் மறக்காமல் இருக்கிறது.

சென்னையில் நீரிழிவு மருத்துவர் வி.மோகன் குழுவினர் இந்தியர்களுக்கென்றே ஒரு நீரிழிவு அபாய மதிப்பெண் முறை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் கேட்பது நாலே விஷயம்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. எந்த மார்ஃபுக்கும் அதில் இடமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே 10 மதிப்பெண். ஆக உங்கள் பிள்ளைகள் இருவருமே பத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒல்லி என்று மகனுக்குத் தள்ளுபடி கிடையாது.

தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டக் கூடாது. முதலில் உங்கள் கணவரை நிறுத்துங்கள், பிறகு மகனை, பிறகு நீங்கள், கடைசியில் மகள். பிள்ளைகள் இருவருக்கும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது, 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை.

ஓட்ஸ் டப்பாவை மூடி வையுங்கள். முட்டை மகளுக்கும் வேண்டும். சோறு நாலு பேருக்கும் குறையட்டும், காயும் பயறும் நாலு பேருக்கும் கூடட்டும், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருங்கள். ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால் சாயாமல் உங்கள் கணவர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்வரட்டும். சர்க்கரை வந்த தகப்பன் தன் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடமை அது. மாத்திரையை விழுங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

தை மாதம் வருகிறவர்கள் உங்கள் பெண்ணின் எடையைப் பற்றி வாய் திறந்தால், பையனின் இடுப்பளவு எவ்வளவு, அவன் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்களும் கேளுங்கள். முகம் சுளித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.